கிலோமீட்டர் முந்துதோ, மாதம் முந்துதோ!

புனேயில் கார் வைத்திருப்பது இப்போது ஒரு பெருமைச் செய்தி அல்ல. கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டிலும் இருந்து சைக்கிளில் வேலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் இன்று கோத்ருட், வாகட், ஹடப்ஸர் என்று அடுக்குமாடிகளில் குடியேறி, வீட்டுக்கு ஒரு காராவது வைத்திருக்கிறார்கள். கார் வாங்கும்போது நிறம் முதல் சீட் கவர் வரை குடும்பமே கூடி உட்கார்ந்து பேசுகிறோம். ஆனால் அந்தக் காரின் எஞ்சினுக்குள் எந்த எண்ணெய் போகிறது என்று கேட்டால் மட்டும் "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே பதில்தான். மெக்கானிக்கும் "டென்ஷன் கேவூ நகா, காகா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இந்த முடிவை மெக்கானிக்கிடம் விடாமல் வீட்டிலேயே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அது ஒன்றும் பெரிய பொறியியல் அல்ல. ஒரு புத்தகமும் ஒரு காலண்டரும் போதும்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நல்ல கைராசிக்காரர்கள் பலர் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு நாளைக்குப் பத்து விதமான வண்டிகளைப் பார்க்கிறார்கள். பல சிறு ஒர்க்‌ஷாப்புகளில் ஒரே ஒரு பெரிய டிரம் இருக்கும். வந்த வண்டிக்கெல்லாம் அதிலிருந்தே ஊற்றுவார்கள். உங்கள் வண்டியின் முன் பெட்டியில் சும்மா கிடக்கும் கையேடோ, உங்கள் வண்டிக்காக மட்டுமே அச்சடிக்கப்பட்டது. அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள், எந்த எண்ணெயில் ஓட்டிச் சோதித்தார்களோ அதையே அதில் எழுதியிருக்கிறார்கள். டிரம்மையும் கையேட்டையும் எதிரெதிரே வைத்தால் எதை நம்புவது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எஞ்சின் எண்ணெய் வழவழப்புக்காக மட்டும் ஊற்றப்படுவது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஐந்து வேலை செய்கிறது. உலோகமும் உலோகமும் உரசாமல் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. தண்ணீர் எட்டாத பிஸ்டனின் அடிப்பக்கத்துச் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிறது. கரியையும் கசடையும் தன்னுள் மிதக்கவிட்டுக் கழுவுகிறது. பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையே அடைப்பாக நிற்கிறது. துருவையும் அமிலத்தையும் தடுக்கிறது. எண்ணெய் கறுத்துவிட்டதே என்று பயப்படுகிறோம். டீசல் வண்டியில் புது எண்ணெய்கூடச் சில நாட்களிலேயே கறுத்துவிடும். கறுப்பு என்றால் கழுவும் வேலை நடக்கிறது என்று பொருள். ஆகவே நிறத்தை வைத்து எண்ணெயின் ஆயுளைச் சொல்ல முடியாது.

சரி, எந்த எண்ணெய்? கேனின்மேல் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றெல்லாம் எழுதியிருக்கும். இவை தரத்துக்கு இட்ட மதிப்பெண்கள் அல்ல. தடிமனைக் காட்டும் எண்கள். அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ. வகுத்த கணக்கு இது. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதாக இருந்தால் குளிரிலும் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், எண்ணெய் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. அந்தச் சூட்டில் 20 என்ற கிரேடு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் வரை இருக்கவேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

இங்கேதான் நம்மவர்களின் பழைய நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. "எண்ணெய் கெட்டியாக இருந்தால்தான் எஞ்சினுக்குப் பலம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் அது ஓரளவு சரி. அந்த எஞ்சின்களில் உதிரி பாகங்களுக்கு இடையே இடைவெளி அதிகம். வண்டி பழசாக ஆக இடைவெளி இன்னும் பெருகும். தடித்த எண்ணெய் அதை நிரப்பும். இன்றைய எஞ்சின் வேறு ஜாதி. வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்குத் தக்கபடி மாற்றும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. அந்த எண்ணெய் போகும் துவாரங்கள் மிகச் சிறியவை. டர்போ உள்ள வண்டியில், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் மிதக்கிறது. இவற்றுக்குத் தேவை உடனே ஓடி வந்து சேரும் எண்ணெய். அதனால்தான் இன்றைய சிறு பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேட்டில் 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. மாருதியின் சில எஞ்சின்களுக்கு 0டபிள்யூ-16 கூட உண்டு. தேங்காயெண்ணெய் அவியலுக்கு, நல்லெண்ணெய் மிளகாய்ப்பொடிக்கு என்று நம் வீட்டில் தெளிவாக இருக்கிறோம் அல்லவா? எது உசத்தி என்ற சண்டை அங்கே வருவதில்லை; எது எதற்கு என்பதுதான் கேள்வி.

"புனேயில் பனியா பெய்கிறது, நமக்கு எதற்கு 0டபிள்யூ?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. இரவெல்லாம் நின்ற வண்டியின் எண்ணெய், டிசம்பர் காலையில் பத்து பன்னிரண்டு டிகிரியில் இருக்கும். மே மாதத்தில்கூட இருபத்தைந்தைத் தொடும், அவ்வளவுதான். எஞ்சின் வேலை செய்யும் நூறு டிகிரியோடு ஒப்பிட்டால் எல்லாக் காலையும் எண்ணெய்க்குக் குளிர்காலமே. 40 டிகிரியில் அளந்து பார்த்தால்கூட 20டபிள்யூ-50 எண்ணெய், 0டபிள்யூ-20 எண்ணெயைவிட மூன்று மடங்குக்கு மேல் தடிமனாக இருக்கும். சாவியைத் திருப்பிய முதல் சில விநாடிகளில் எண்ணெய் மேலே கேம் ஷாஃப்ட்வரை ஏறிச் சேரவேண்டும். தேய்மானம் அதிகமாக நடப்பது அந்த நேரத்தில்தான்.

தடிமனைப் பார்த்தபின் தரத்தைப் பார்க்கவேண்டும். கேனில் ஏ.பி.ஐ. என்று போட்டு இரண்டு எழுத்துகள் இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு என்று பொதுவாகக் கொள்ளலாம். எஸ் வரிசையில் இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப்போக, புதிய, கடுமையான சோதனையில் தேறியது என்று அர்த்தம். எஸ்.என். 2010இல் வந்தது, எஸ்.பி. 2020இல் வந்தது, எஸ்.க்யூ. 2025இல் வந்தது. கையேடு எஸ்.என். என்று சொன்னால் எஸ்.பி. ஊற்றலாம்; அதைவிடப் பழையதை ஊற்றக்கூடாது.

டீசல் கார்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ்.6 விதி அமலானபின் வந்த டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துவிடும். ஆனால் எண்ணெயில் உள்ள உலோக உப்புகள் விட்டுச்செல்லும் சாம்பலை எரிக்க முடியாது. சாம்பல் சேர்ந்து சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் என்று கையேடு தனியாகச் சொல்லும். ஐரோப்பியத் தரக்கணக்கில் சி2, சி3 என்பவை இந்த வகை. பழைய டிரம் டீசல் எண்ணெயை இதில் ஊற்றினால் எஞ்சின் அன்றே நின்றுவிடாது. அதனால்தான் தவறு தெரியாமலே நடந்துகொண்டிருக்கும்.

இந்த இரண்டும், அதாவது தடிமனும் தரமும், கையேட்டோடு ஒத்துப்போனால் பிராண்டைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். இந்தியன் ஆயிலின் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தின் மேக், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் எச்.பி. எண்ணெய், தனியார் நிறுவனங்களின் எண்ணெய் எல்லாமே இந்தத் தரங்களில் கிடைக்கின்றன. அவசரத்துக்கு வேறு பிராண்டில் அரை லிட்டர் சேர்த்தாலும் ஒரே கிரேடு, ஒரே தரம் என்றால் பாதகமில்லை. கையேடு கேட்காத விலையுயர்ந்த சேர்மானக் குப்பிகளும், "உள்ளே கழுவித் தருகிறோம்" என்னும் ஃப்ளஷ் வேலையும், ஒழுங்காக எண்ணெய் மாற்றும் வண்டிக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, எப்போது மாற்றுவது? "எண்ணெய் முந்துதோ, திரி முந்துதோ" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கையேடு எழுதியவர்கள் தமிழ் படித்தவர்களோ என்று தோன்றும்படி அதிலும் அதுவே இருக்கிறது: பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது பன்னிரண்டு மாதம், எது முந்துகிறதோ அப்போது. சில தயாரிப்புகளில் 15,000 கிலோமீட்டர். மாதக் கணக்கு அதே பன்னிரண்டுதான். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம். "வருஷத்தில் மூவாயிரம்கூட ஓடவில்லை, எண்ணெய் புத்தம் புதிதாக இருக்கும்" என்று இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுகிறோம்.

உண்மையில் குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் மாதக் கணக்கு முக்கியம். குழந்தையை டியூஷனில் விட்டு வர இரண்டு கிலோமீட்டர், காய்கறிக்கு மூன்று, கோயிலுக்கு நான்கு. இதுதான் நம் கார்களின் வாழ்க்கை. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் எண்ணெய் சூடேற அதைவிட அதிக நேரமாகும். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சமும், எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கி எண்ணெயில் கலக்கின்றன. நீண்ட தூரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி அவை ஆவியாகிவிடும். இரண்டு கிலோமீட்டரில் எஞ்சினை நிறுத்தினால் அவை அங்கேயே தங்கும். எண்ணெய் நீர்த்துப்போகும், அமிலம் சேரும், அமிலத்தை முறிக்கும் மருந்து தீரும். ஹிஞ்ஜவடி நெரிசலில் ஊர்கிறவர்களுக்கு வேறு கதை: ஒரு மணி நேரத்தில் மீட்டரில் பத்து கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது, எஞ்சின் மட்டும் ஒரு மணி நேரமும் உழைத்திருக்கும். இப்படிக் குறுகிய தூரம், தூசி, நெரிசல் ஆகிய "கடினமான உபயோகத்துக்கு" கையேடுகளில் தனி அட்டவணையே உண்டு. நம்மில் பெரும்பாலோர் அந்த அட்டவணையில் சேர்ந்தவர்கள்தான்.

டீசல் ஷெட்டுகளில் இதை எப்படிக் கையாண்டோம் என்று சொன்னால் விஷயம் இன்னும் விளங்கும். ரயில் எஞ்சினில் எண்ணெயை யாரும் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. குறித்த நாளில் ஒரு சிறு குப்பியில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவி அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லிவிடும். செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங் தேய்கிறது; இரும்பு ஏறினால் லைனர், ரிங் பக்கம் பார்க்கவேண்டும்; சிலிக்கான் ஏறினால் காற்று வடிகட்டி வழியாகத் தூசி நுழைகிறது; சோடியம் தெரிந்தால் குளிர்விக்கும் தண்ணீர் கசிகிறது. ரத்தப் பரிசோதனை போலத்தான். அந்தச் சீட்டு வந்த பிறகுதான் எண்ணெயை வைப்பதா, மாற்றுவதா என்ற முடிவு.

நம் வீட்டுக் காருக்கு அந்த ஆய்வுக்கூடம் கிடையாது. நாலு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்க்கு அப்படிப் பரிசோதனை செய்வதும் கட்டுப்படியாகாது. ஆகவே காலண்டர்தான் நம் ஆய்வுக்கூடம். ஒன்பது மாதத்தில் எண்ணெய் கெட்டதா, பதினைந்து மாதம் தாங்குமா என்று நமக்குத் தெரிய வழியில்லை. தெரியாதபோது தயாரித்தவர் சொன்ன கெடுவுக்குள் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அதற்காகக் கையேடு பத்தாயிரம் என்று சொல்லும்போது, கடினமான உபயோகமும் இல்லாதவர், ஸ்டிக்கர் ஒட்டிய கடைக்காரர் சொன்னார் என்று மூவாயிரத்துக்கே மாற்றுவதும் வீண்செலவு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. பணத்துக்கும் நஷ்டம், பழைய எண்ணெயும் பெருகும்.

இடைப்பட்ட மாதங்களில் செய்யவேண்டியது ஒன்றே. மாதம் ஒருமுறை, வண்டி சமதரையில் நின்று எஞ்சின் அணைந்து சில நிமிடங்கள் ஆன பிறகு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் சேர்க்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மட்டம் ஏறினாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. வடிகட்டி உள்ள டீசல் கார் நகருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால், கரியை எரிக்கத் தெளிக்கும் டீசல் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் இறங்கி மட்டத்தை உயர்த்தும். "எண்ணெய் தானாகப் பெருகிவிட்டது" என்று சந்தோஷப்படாமல் உடனே காட்டவேண்டிய விஷயம் அது. எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் காட்டுவதே நல்லது.

மாற்றும் நாளில் கூடவே நின்று பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து வரும். ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும். பழைய ஃபில்டரோடு புது எண்ணெய் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவது போல. டிரெயின் பிளக்கின் வாஷரும் புதிதாக இருக்கட்டும். கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றவேண்டாம். அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்கைக் காக்காது. கேனை உங்கள் எதிரிலேயே சீல் உடைக்கச் சொல்லுங்கள். காலி கேனை வாங்கி ஓர் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். நல்ல பெயருள்ள காலி கேன்களில் மட்டமான எண்ணெய் மறுபடி அடைபட்டு வருவதைத் தடுக்க நம்மால் முடிந்த எளிய வழி இது. பில்லில் எண்ணெயின் கிரேடும் தரமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி காலத்தில் எஞ்சினுக்கு ஏதாவது வந்தால், சரியான எண்ணெய்தான் ஊற்றினோம் என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி.

நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஒரு தனி யோசனை. பொங்கலுக்கோ, கோடை விடுமுறைக்கோ காரிலேயே ஊருக்குப் போகிறவர்கள் இப்போது அதிகம். கம்பாட்கி காட் ஏறி, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் என்று சென்னை போய்ச் சேர ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் இரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டியை, நீர்த்துப்போன எண்ணெயோடு, நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றி அந்தச் சாலையில் விரட்டுகிறோம். திரும்பி வந்தபின் சர்வீஸுக்கு விடுவது நம் வழக்கம். புறப்படும் முன் விடுவதே சரி. ஆண்டு மாற்றத்தின் தேதியை அந்தப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாக வைத்துக்கொண்டால் கணக்கும் மறக்காது, ஏதாவது கசிவு இருந்தாலும் ஊரிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, வடித்த எண்ணெய் எங்கே போகிறது? இதைக் கேட்பவர்கள் குறைவு. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனக் கணக்குப்படி, ஒரு காரிலிருந்து ஒருமுறை வடித்த எண்ணெய் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடியது. நம் ஊர்ச் சாக்கடையில் ஊற்றியது மழையோடு முட்டா நதிக்குப் போகும். முளா-முட்டா பீமாவில் சேர்கிறது. பீமா, சோலாப்பூருக்குக் குடிநீர் தரும் உஜனி அணையை நிரப்பிவிட்டுக் கிருஷ்ணாவில் சேர்கிறது. அந்தக் கிருஷ்ணா நீரில் தலா 5 டி.எம்.சி. சென்னைக்குத் தர மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் 1976இல் ஒப்புக்கொண்டன. தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாக 1996இல் அது பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது. இங்கே நாம் ஊற்றுவது அத்தனையும் அங்கே போய்ச் சேரும் என்று சொல்லவில்லை. ஆனால் நம் வாசல் சாக்கடையும் சென்னையில் இருக்கும் நம் அக்கா வீட்டுக் குழாயும் ஒரே நதித் தொடரின் இரு முனைகள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

வடித்த எண்ணெய் குப்பையும் அல்ல. சுத்திகரித்தால் மறுபடி நல்ல எண்ணெயாகும். 2024 ஏப்ரல் முதல், விற்ற எண்ணெயில் ஒரு பங்கைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் மூலம் திரும்பச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பை மத்திய அரசு எண்ணெய்த் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கிறது. "பழைய எண்ணெயை யாருக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். ஒழுங்காகச் சேகரித்து அனுப்பும் இடத்துக்கே வண்டியை விடுங்கள். வாடிக்கையாளர் பத்துப் பேர் கேட்டால் வழக்கம் தானாக மாறும்.

காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியையும் பால்காரர் வராத நாளையும் தினசரிக் காலண்டரில் குறிக்கும் குடும்பங்கள் நம்முடையவை. அதே இடத்தில் காரின் எண்ணெய் மாற்றிய தேதி, மீட்டர் எண், கிரேடு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்த கையோடு காரின் முன் பெட்டியைத் திறந்து கையேட்டை வெளியே எடுங்கள். எண்ணெய் பற்றிய பக்கம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள். அடுத்த முறை மெக்கானிக் "டென்ஷன் கேவூ நகா" என்று சொல்லும்போது, டென்ஷன் இல்லாமலே, எந்த எண்ணெய் என்பதை நீங்கள் சொல்லலாம்.